வளர்மதி பிடுங்கிய ஆணிகள்

பட்டப்பகலில் சுடுகாட்டில் ஒரு பொம்பளை தனியாக மண்வெட்டியோடு நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கு வந்தது. அதற்காக நான் இன்றுவரை வெட்கப்படவில்லை.

என் பட்டறை செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. கிணற்றுக்குச் சிமெண்ட் உறை, ஹாலோ பிளாக், சிலாப் கல் எல்லாம் வார்த்துக் கொடுக்கிறேன். பட்டறையின் பின்பக்கத் தகரக் கதவைத் திறந்தால் நேர் எதிரே சுடுகாடு. பெயர்தான் சுடுகாடு, அங்கே எரிப்பதைவிடப் புதைப்பதுதான் அதிகம். நாங்கள் நயினார்கள், தமிழ்ச் சமணர்கள். எரித்துவிடுகிறவர்கள். சமாதி, அதற்குச் சுண்ணாம்பு, வருசத்துக்கு ஒருமுறை படையல் என்கிற தொல்லையெல்லாம் எங்களுக்குக் கிடையாது. ஆகவே அந்த இடத்தைப் பற்றி எனக்கு வேடிக்கை பார்க்கிற அக்கறையைத் தவிர வேறு அக்கறை இருந்ததில்லை.

அவள் பெயர் வளர்மதி. அவலூர்பேட்டையிலிருந்து வந்து பீரங்கிமேட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். நாற்பதைத் தாண்டிய வயது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். மாவு நன்றாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் ஒரு தினுசு. எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்ப்பாள். கடைக்காரன் அரிசியை அளந்தால் ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோவாள். பக்கத்து வீட்டில் பாயசம் கொடுத்தால் கிண்ணத்தை மோந்துவிட்டு, அப்புறம் சாப்பிடுகிறேன் என்று மூடி வைத்துவிடுவாள். யார் வீட்டிலும் கை நனைத்ததில்லை. தெருவில் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்டவள் காலையில் மாவு வியாபாரத்தை முடித்துக்கொண்டு நேராகச் சுடுகாட்டுக்கு வந்து வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். மேற்கு மூலையில் தொடங்கி, ஒன்றை விடாமல் வரிசையாகப் போனாள். முள்ளை வெட்டுவாள், புல்லைச் செதுக்குவாள், சரிந்த மேட்டுக்கு மண் அணைப்பாள், உடைந்த மேடைக்குச் சிமெண்ட் பூசுவாள், சுண்ணாம்பு அடிப்பாள். யாருடைய சமாதி என்று கேட்பதில்லை. வெட்டிய முள்ளையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், சமாதி ஒன்றும் இல்லாத கிழக்கு மூலையில், புளியமரத்துக்குக் கீழே குவித்தாள்.

அந்தப் புளியமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஆணி மரம். கிணற்றில் விழுந்தவள், தூக்குப் போட்டுக்கொண்டவள், மருந்து குடித்தவள் என்று ஆயுசு முடியாமல் போனவர்களின் ஆவி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக்கூடாது என்று, மந்திரிக்கிறவனைக் கூப்பிட்டு, ஆவியை அந்த மரத்தில் ஆணியடித்து நிறுத்திவிடுவார்கள். அடிமரத்தில் துரு வழிந்த தழும்புகள் தெரியும். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அதன் நிழலில் உட்கார மாட்டார்கள். வெளியூர்க்காரி, அவளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல்தான் அங்கே முள் குவித்தாள்.

ஊர் என்ன பேசியது என்றா கேட்கிறீர்கள்? இது கோட்டை இருக்கிற ஊர். ராஜாக்கோட்டைக்கும் ராணிக்கோட்டைக்கும் நடுவில் எவன் ஒரு கல்லைப் புரட்டினாலும் அது புதையல்தான். நவாபு காலத்துப் பெட்டி ஒன்று சமாதிக்கு அடியில் இருக்கிறது, அதற்குத்தான் மேலே பூசுகிற மாதிரி நடிக்கிறாள் என்றார்கள் ஒரு சாரார். மேல்மலையனூரில் யாரிடமோ சூனியம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்றார்கள் இன்னொரு சாரார். நான் இரண்டையும் நம்பவில்லை. சுடுகாட்டைச் சுத்தம் பண்ணி வளைத்துப் போட எவனோ பிளாட்காரன் அனுப்பிய ஆள் இவள் என்பது என் கட்சி.

ஒருநாள் சிமெண்ட் வாங்க என் பட்டறைக்கே வந்தாள். விடுவேனா? உட்கார வைத்து டீ சொல்லி அனுப்பினேன். வந்த டீயை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பிளாக் கல்மேல் வைத்துவிட்டாள்.

"ஏம்மா, சுடுகாட்ல அப்டி இன்னாதான் தேடற?"

"எங்கம்மாவண்ணா."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் நம்புகிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு மீதியைச் சொன்னாள்.

அவள் பிறந்தது செஞ்சியிலேயேதான். அம்மா பெயர் வள்ளியம்மாள். வளர்மதிக்கு விவரம் தெரிவதற்குள் வள்ளியம்மாள் ஏரிக்கீழ்க் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். விழுந்தாள் என்பது ஒரு பேச்சு, குதித்தாள் என்பது தெருப் பேச்சு, தள்ளிவிட்டார்கள் என்பது அவலூர்பேட்டையிலிருந்து வந்த தாய்மாமனின் பேச்சு. பிணம் கிடக்கும்போதே இரண்டு குடும்பத்துக்கும் அடிதடி. மாமன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்த வருசம் அவள் நைனா, அதாவது அப்பன் கோவிந்தசாமி பாம்பு கடித்துச் செத்தபோதும் இந்தப் பக்கத்திலிருந்து சொல்லி அனுப்பவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றுப்போனது. செஞ்சியில யார் எது குடுத்தாலும் வாயில வெக்காத என்று சொல்லிச் சொல்லியே மாமன் அவளை வளர்த்திருக்கிறார். முகர்ந்து பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"போன வருசம் மாமா தவறிட்டாரு. புதைச்சிட்டு வர்றப்ப நெனச்சிக்கினேன். மாமா இங்க இருக்காரு, வீட்டுக்காரரு அதோ அங்க இருக்காரு. எங்கம்மா எங்க இருக்குதுன்னு மட்டும் எனக்குத் தெரியாது. அத தெரிஞ்சிக்காம நான் சாவக்கூடாதுண்ணா."

"உங்க சித்தப்பா ரங்கநாதன் இங்கதான இருக்காரு? அவர கேக்கறது!"

"போனேன். கதவ சாத்திட்டாரு. நைனாவோட சமாதி தெரியும், பேர் எழுதியிருக்குது. பக்கத்துல அம்மா இல்ல. எதுன்னு தெரியல, அதான் எல்லாத்தயும் செய்றேன். எல்லாத்தயும் செஞ்சா, அதுல எங்கம்மாவோடதும் வந்துடுமில்ல?"

சிமெண்டை மூட்டையோடு முகர்ந்து பார்க்காததுதான் பாக்கி. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் நம்பினேனா? பாதி நம்பினேன். அம்மா சமாதியைத் தேடுகிறவள் சரி, இத்தனை வருசம் கழித்து இப்போது என்ன அவசரம்? மீதிப் பாதியை நிரப்ப மறுநாளே ஆள் வந்தான். ரங்கநாதனின் மகன் பிரசாந்த், அனந்தபுரம் பக்கம் மனை புரோக்கராக இருக்கிறவன். பைக்கை நிறுத்தாமலே பேசினான்.

"நயினாரே, அந்தப் பொம்பளைக்கு சிமெண்ட் குடுக்காதீங்க."

"ஏம்பா, சுடுகாட்ட உனக்கு பட்டா போட்டுட்டாங்களா?"

"வெளாடாதீங்க. சமாதி கட்டி, வள்ளியம்மாள், மகள் வளர்மதின்னு பேர் போட்டுட்டான்னா முடிஞ்சி கத. அத போட்டோ புடிச்சி கோர்ட்ல காட்டுவா. பொட்டப்புள்ளைக்கும் பங்கு இருக்குதுன்னு சட்டமே வந்துடுச்சி. ஏரிக்கீழ நெலம் பூரா இன்னும் எங்க தாத்தா பேர்லதான் இருக்குது. நைனாவுக்கு ஒரே டென்ஷன், ராவுல தூங்கறதே இல்ல."

இது புத்தியுள்ள சந்தேகம் என்று எனக்குப் பட்டது. புதையல், சூனியம் எல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. வளர்மதி அடுத்தமுறை வந்தபோது இதைச் சொன்னேன். கலகமூட்ட அல்ல, அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காக.

அவள் முகம் மாறவில்லை. "பங்கா?" என்றாள். "நான் சமாதி எங்கன்னு கேக்கறேன், அவங்களுக்கு நெலம் ஞாபகம் வருது. அப்டின்னா எங்கம்மா எதுக்கு செத்துதுன்ற சந்தேகம் எனக்கு இன்னும் ஜாஸ்திதான் ஆவுது."

ஆக, அவள் அவர்களைக் கொலைகாரர்கள் என்று சந்தேகப்பட்டாள். அவர்கள் அவளைப் பங்காளி என்று சந்தேகப்பட்டார்கள். நான் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன். சுடுகாடு மட்டும் நாளுக்கு நாள் வெள்ளையாகிக்கொண்டு வந்தது.

நடுவில் ஒரு கூத்து நடந்தது. அம்மாக்கண்ணு என்று எங்கள் பகுதியில் ஒரு கிழவி உண்டு. வாய் என்றால் அது வாய். அவள் புருஷன் சமாதிக்கு வளர்மதி புதிதாக விளக்கு மாடம் கட்டிவிட்டாள். அவலூர்பேட்டையில் அவள் மாமன் வீட்டு வழக்கத்தில் மாடத்தைக் கால்மாட்டில் வைப்பார்களாம், அதையே இங்கேயும் செய்துவிட்டாள். எங்கள் ஊரில் தலைமாட்டில்தான் வைப்பார்கள். கிழவி கேள்விப்பட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்டி, எங்க ஊட்டுக்காரரு காலுக்கா வெளக்கு ஏத்தற? அந்தாளு உயிரோட இருந்தப்பவே ராந்தல கால்ல ஒதைச்சி ஒடைச்சவரு!"

 வளர்மதி மாடத்தை இடித்தாள், தெற்கே தலைமாட்டில் திரும்பக் கட்டினாள். கிழவி நின்றுகொண்டே திட்டினாள், நின்றுகொண்டே செங்கல் எடுத்துக் கொடுத்தாள். பெற்ற பிள்ளைகள் இத்தனை வருசமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தினமும் வந்து, அது கோணல், இது குறை என்று மேஸ்திரி வேலை பார்த்தாள். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களில் முதல் ஆள் அவள்தான்.

மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்தநாள் மயானக் கொள்ளை. அன்றைக்கு மட்டும் சுடுகாடு ஊருக்குப் பொது. பொம்பளைகள், பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். அங்காளம்மன் பம்பை உடுக்கையோடு வருவாள். காய்கறி, கொழுக்கட்டை, தானியம் என்று வாரி இறைப்பார்கள், அவரவர் தங்கள் சமாதிக்குப் படையல் போடுவார்கள். நான் கோழி அறுக்கிற இடத்துக்குப் போவதில்லை. என் தகரக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன், பேச்சுகூடக் காதில் விழுகிற தூரம், அவ்வளவுதான்.

அந்த வருசம் வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். முள் இல்லை, புதர் இல்லை. இருந்த இடம் தெரியாமல் போயிருந்த சமாதியெல்லாம் தலை நிமிர்ந்து நின்றது. சிலருக்கு அழுகை வந்துவிட்டது. புதையல் என்று பேசியவர்களே தங்கள் தாத்தாவைக் கண்டுபிடித்துக் கற்பூரம் ஏற்றினார்கள். ஆனால் ஒருத்தரும் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அதுவும் எங்கள் ஊர்தான்.

வளர்மதி யார் கண்ணிலும் படாமல் ஒரு ஓரமாக நின்றாள். அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. ரங்கநாதன் குடும்பத்தோடு வருவார், அப்பாவுக்கும் அண்ணனுக்கும் படைப்பார், அப்போது அவர் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நிற்கிறாள். ரங்கநாதனும் லேசுப்பட்டவர் இல்லை. அறுபதைத் தாண்டியவர், கைத்தடி ஊன்றினாலும் நிமிர்ந்து நடக்கிற ஆள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டு, படையலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. தேங்காய் உடைக்கும்போதுகூடத் தலை நிமிரவில்லை. அவளும் இமை கொட்டவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல் அவளே முன்னால் வந்தாள்.

"சித்தப்பா, எங்க நைனா இதோ இருக்காரு. எங்கம்மா எங்க?"

பம்பைக்காரன் கை நின்றுவிட்டது. பிரசாந்த் குறுக்கே பாய்ந்தான். "இந்தாம்மா, நீ இன்னாத்துக்கு வந்திருக்கறன்னு ஊருக்கே தெரியும். பங்கு வேணும்னா கோர்ட்டுக்குப் போ. சாமி காரியத்துல வந்து தகராறு பண்ணாத."

"எனக்கு ஒரு சென்ட்டும் வாணாம். எடத்தக் காட்டச் சொல்லு, போயிடறேன்."

அப்போது அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். அவள் வளர்மதிக்குப் பரிந்துகொண்டுதான் பேசினாள் என்று நினைக்கிறேன், ஆனால் அவள் வாயில் எது வந்தாலும் அப்படித்தான் வரும். "அவன் எப்டிடி காட்டுவான்? உங்கம்மா மண்ணுலயா இருக்கறா? அதான் அந்தப் புளியமரத்துல ஆணி அடிச்சி நிறுத்திட்டாங்களே! அடிச்சதே இவன்தான்!"

வளர்மதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆணி என்றால் என்ன, எதற்கு என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்துச் சொன்னார்கள். அவள் மரத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாக வியர்வை துடைத்துக்கொள்ள அதன்மேல்தான் துண்டைப் போட்டு வைப்பாள். துண்டு மாட்டுகிற அந்த இரும்பு மொட்டு என்ன என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

"நான் அடிக்கல" என்றார் ரங்கநாதன்.

யாரும் நம்பவில்லை. அவர் மகனே நம்பவில்லை என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"பெரியவங்க ஆணிய எங்கையில குடுத்து அனுப்பனாங்க. கொழுந்தன்தான் அடிக்கணும்னு சொல்லிட்டாங்க. மந்திரிக்கிறவன் சுடுகாட்டு வாசல்லயே நின்னுட்டான். நான் மரத்துகிட்ட வந்து நின்னேன். கை வரல." வளர்மதியைப் பார்க்காமல், படையல் இலையைப் பார்த்தே பேசினார். "அண்ணிய கெணத்துலேர்ந்து தூக்குனவன் நான். படியில நெறகுடம் இருந்துச்சி. ரொம்பி, ஒரு சொட்டு சிந்தாம வெச்சிருந்துச்சி. சாவப்போறவ எதுக்குத் தண்ணி மொண்டு மேல வெக்கிறா? கால் கழுவ மறுபடி எறங்கியிருக்குது, பாசி வழுக்கிடுச்சி. நான் சொன்னேன். சின்னப் பையன் பேச்ச எவன் கேட்டான்? ஆணிய ஏரியில வீசிட்டு, அடிச்சிட்டேன்னு போய் சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் கதவ சாத்துனீங்க?"

"அடுத்த வருசமே அண்ணன் போயிட்டாரு. நான் அடிக்காம வுட்டதாலதான் அண்ணி வந்து இட்டுக்கினு போயிடுச்சின்னு நெனச்சேன். இன்னிக்கும் அப்டித்தான் நெனைக்கிறேன். நீ வந்து நின்னப்ப உங்கம்மாவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சி. நெலமாவது மண்ணாவது, பயந்து போய்த்தான் கதவ சாத்துனேன்."

கூட்டத்தில் கொதிப்பு கிளம்பியது, அவள்மேல் இல்லை, அவர்மேல். அப்படியென்றால் இத்தனை வருசமும் வள்ளியம்மாள் அவிழ்த்துவிட்டபடியா திரிந்தாள்? எங்க மாடு செத்ததும் அதனால்தானா, எங்க பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போனதும் அதனால்தானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ரங்கநாதன் கைத்தடியை நீட்டி, கிழக்கு மூலையைக் காட்டினார்.

"அங்க. அகால சாவுன்னு வரிசையில வெக்காம தனியா வெச்சாங்க. மேடு கட்டல, கல்லு வெக்கல. மரத்துலேர்ந்து ஒரு பாய் தூரம்."

கைத்தடி காட்டிய இடத்தில் ஆள் உயரத்துக்கு முள் குவிந்து கிடந்தது. ஊர்ச் சமாதியிலிருந்தெல்லாம் வெட்டி, இழுத்துவந்து, அவள் தன் கையால் குவித்த வேலிகாத்தான் முள்.

வளர்மதி சத்தம் போட்டு அழவில்லை. "ஐயோ, அம்மா மேலயே போட்டேனே" என்று ஒருமுறை சொன்னாள். அப்புறம் ஓடிப்போய் வெறும் கையால் முள்ளை இழுக்க ஆரம்பித்தாள். காய்ந்த முள், கையெல்லாம் கிழிந்தது. யாரும் அசையவில்லை. ஆணி அடிக்காத ஆவி கிடக்கிற இடத்துக்கு யார் போவார்கள்? முதலில் போனவர் ரங்கநாதன்தான். கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, அவர் ஒரு கொப்பைப் பிடித்தார், அவள் ஒரு கொப்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இழுத்தார்கள். அம்மாக்கண்ணு, கைய பாத்துடா, கைய பாத்துடி என்று கத்திக்கொண்டே பின்னால் போனாள். நான் என் பட்டறையிலிருந்து முள் வாருகிற கவையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன். உதவிதான், வேறொன்றும் இல்லை.

மறுநாள் ரங்கநாதன் என் பட்டறைக்கு வந்து ஒரு சிலாப் கல் கேட்டார். ஈரம் காய்வதற்குள் எழுத்துக் கீற வேண்டும் என்றார். என்ன எழுத்து என்றேன்.

"வள்ளியம்மாள். கணவர் கோவிந்தசாமி. மகள் வளர்மதி."

"மக பேரும் வேணுமா?" என்று மறுபடி கேட்டேன். அவர் காது நன்றாகக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும்.

"அதான் முக்கியம். பெருசா எழுதுங்க."

பிரசாந்த் பின்னாலேயே வந்து குதித்தான். "நைனா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நீயே ஆதாரம் செஞ்சி குடுக்கறியா?" அவர் மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் கீறினேன். பெரிதாகத்தான் கீறினேன். பிரசாந்த் மனையை விலைபேசுகிற விதம் எனக்கு எப்போதுமே பிடிக்காது.

கல்லைப் பார்த்த வளர்மதி என்ன செய்தாள் தெரியுமா? சந்தோஷப்படவில்லை. "எம்பேர எதுக்கு எழுதச் சொன்னாரு? இதக் காட்டி எங்கியாவது கையெழுத்து கேப்பாரோ?" என்றாள். மாமன் வளர்த்த வளர்ப்பு. இரண்டு நாள் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த பிறகுதான் நட்டாள்.

நட்ட பிறகும் அவள் மாவுக்கடைக்குத் திரும்பவில்லை. என்னிடம் வந்து, பலகையில் அடித்த ஆணியைப் பிடுங்க நாங்கள் வைத்திருக்கிற நெம்புகோலைக் கேட்டாள்.

"இன்னாத்துக்கு?"

"அந்த மரத்துல இருக்கற ஆணிக்கு."

"அதான் அவரு அடிக்கலன்னு சொல்லிட்டாரே."

"சொன்னாரு" என்றாள். அவ்வளவுதான்.

அவள் அவரை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. நிறைகுடம் இருந்தது என்றால் கால் வழுக்கியிருக்கலாம். பின்னால் யாராவது நின்றிருக்கவும் செய்யலாம். அடிக்காமல் வந்தேன் என்பவர் அடித்துவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். இதையெல்லாம் அவளிடம் சொல்லத் தேவையில்லை, அவளும் இதையேதான் நினைத்துக்கொண்டு நின்றாள். நெம்புகோலை எடுத்துக் கொடுத்தேன்.

எது அவள் அம்மாவுக்கு அடித்தது, எது மற்றவர்களுக்கு அடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவள் எல்லாவற்றையும் பிடுங்கினாள். ஊர் கூடிவிட்டது, ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. எல்லாத்தையும் அவுத்து வுடறாளே பாவி என்று ஏரிக்கரைமேல் நின்று கூச்சலிட்டார்கள். ரங்கநாதன் மட்டும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நெம்புகோல் என்னுடையது என்கிற சாக்கில் நானும் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு ஆணியாகச் சிமெண்ட் சட்டியில் விழுந்தது. கொல்லன் அடித்த பழைய பட்டை ஆணிகள், நடுவாந்திரமாகச் சில கம்பி ஆணிகள். ஒன்று இன்னும் துருவே பிடிக்கவில்லை. அதைப் பார்த்ததும் கரைமேல் கூச்சல் சட்டென்று நின்றுவிட்டது. அது யாருக்காக என்று அங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

அப்புறம் அம்மாக்கண்ணு கரையிலிருந்து இறங்கி வந்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. ஏணிக்குக் கீழே நின்று, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"வடக்கால பக்கம், கெளைக்குக் கீழ ஒன்னு இருக்கும் பாரு. எம்மவளுது. அத பாத்து எடு. நோவாம எடு."

வளர்மதி வடக்குப் பக்கம் ஏணியை நகர்த்தினாள். அந்த ஆணி வர வெகுநேரம் பிடித்தது. வந்ததும் சட்டியில் போடாமல் கிழவி கையில் கொடுத்தாள். கிழவி அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பின்பக்கத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு பட்டை ஆணி. அதன்மேல் நெம்புகோலை வைத்தபோது ரங்கநாதன் கண்ணைக் கோட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தேன். வளர்மதியும் பார்த்தாள். நெம்புகோலை வைத்தபடியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. பிடுங்கிச் சட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

முடிந்ததும் அவர் வீட்டிலிருந்து ஒரு சொம்பு மோர் வந்தது. அவரே டம்ளரில் ஊற்றி நீட்டினார். வளர்மதி வாங்கி, வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோனாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் குடித்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்து, "சித்தப்பா, சாயந்திரம் அம்மாவுக்கு நீங்கதான் வெளக்கு ஏத்தணும்" என்றாள். அவர் தலையாட்டினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நெம்புகோலைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது நான் கேட்டேவிட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

"அந்தப் பின்பக்கத்து ஆணி. அவரு மூஞ்சிய நீயும் பாத்தல்ல? அவரு அடிச்சாரா இல்லியா? நீ இன்னா நெனைக்கிற?"

அவள் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, முள் கிழித்த இடத்தில் ஒட்டியிருந்த துருவைத் துடைத்தாள்.

"அடிச்சிருந்தா, இப்ப வந்துடுச்சி. அடிக்கலன்னா, அது அங்க இல்ல. எதுவா இருந்தாலும் எங்கம்மா இனிமே அந்த மரத்துல இல்லண்ணா. வுடுங்க."

நெம்புகோலை அது இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு, மாவுக்கு அரிசி ஊறப்போட வேண்டும் என்று கிளம்பிப் போனாள்.